நான்கு மணிக் குரல்

இத்தாலியில் வல்லெசெக்கா என்று ஒரு மலையூர் உண்டு, தண்ணீர் வராத ஒரு நீரூற்றும் தொண்ணூற்றெட்டுப் பேர் உட்காரக்கூடிய ஒரு நாடக அரங்கும் தவிர அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, அது எங்கள் ஊர், அந்த அரங்கின் ஆளில்லாத மேடையில் முப்பத்தொரு வருடம், மழையோ பனியோ தேர்தலோ எதுவானாலும், தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு அத்தீலியோ பெர்னாச்சியின் குரல் ஒரு நாடகத்தின் கடைசி அங்கத்தைப் பேசியது. அத்தீலியோ பெர்னாச்சி மட்டும் அங்கே இல்லை. அவர் ரோமில் சினிமா நடிகராக இருந்தார்.

நடந்தது இப்படித்தான். போர் முடிந்த நாலாவது வருடம், மருந்துக்கடைக்காரர் கலிஸ்தோ, இருமல் மருந்து கலக்கிய நேரம் போக மிச்ச நேரத்தில், போருக்குப் போய்க் காணாமல் போன ஒரு சிப்பாய் பல வருடம் கழித்து வீட்டுக் கதவைத் தட்டுவதைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார். சிப்பாயாக நடித்தவர் அத்தீலியோ. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு, தச்சுப் பட்டறையில் வேலை, ஆனால் வாயைத் திறந்தால் மூன்றாவது அடுக்கு மாடத்தில் குறட்டை விடுகிறவரும் எழுந்து உட்கார்ந்து சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்வார், அப்படி ஒரு குரல். எங்கள் அரங்கில் யாரும் வசனத்தை ஒழுங்காக மனப்பாடம் செய்வதில்லை. மேடையின் முன்விளிம்பில் ஒரு குழி உண்டு, பார்வையாளர்களுக்குத் தெரியாதபடி மேலே ஒரு மரக் கூண்டு மூடியிருக்கும், அதற்குள் உட்கார்ந்து தபாலாபீஸ் எர்சிலியா, நடிகர்கள் பேசுவதற்கு ஒரு மூச்சு முன்னதாக அவர்களுடைய வசனத்தைக் கிசுகிசுத்துக் கொடுப்பாள். எல்லா நடிகர்களும் அவளைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசுவார்கள், அத்தீலியோ ஒருவரைத் தவிர. அவருக்கு எல்லா வசனமும் தலைகீழாகத் தெரியும், அதில் அவருக்குக் கர்வமும் உண்டு, அதனால் மேடையேறிய நாலு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அந்தக் குழிப் பக்கம் திரும்பியதில்லை. அவர் திரும்ப மாட்டாரா என்று எர்சிலியா ஏங்கிக் கிடந்தது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம், அவருக்கு மட்டும்தான் தெரியாது.

நாடகம் முதன்முதலாக மேடையேறிய ஞாயிற்றுக்கிழமை ரோமிலிருந்து ஒரு சினிமாக்காரர் காரில் வந்து இறங்கினார். இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போய், உன் முகம் எனக்கு வேண்டும், நாளைக் காலையில் படப்பிடிப்பு, நாடகம் முடிந்ததும் வண்டியில் ஏறு என்று அத்தீலியோவிடம் சொல்லிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். கடைசி அங்கம் தொடங்கியது. சிப்பாய் கதவைத் தட்டுகிறான், தன்னை யாரென்று சொல்கிறான், மனைவி நம்ப மாட்டேன் என்கிறாள், அவன் பழைய அடையாளங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்கிறான், கடைசியில் அவள் கதவைத் திறந்து, இத்தனை வருஷமா என்ன பண்ணிக்கிட்டிருந்தே என்று கேட்கிறாள். அத்தீலியோவுக்கு வசனம் வரவில்லை. மனசு ஏற்கெனவே காரில் ஏறிவிட்டது, பிறகு எங்கிருந்து வரும். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குழிப் பக்கம் திரும்பி எர்சிலியாவைப் பார்த்தார். எர்சிலியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைத் திறக்கவில்லை. நாங்கள் இருமினோம், நாற்காலிகள் கிறீச்சிட்டன, மூன்றாவது அடுக்கிலிருந்து யாரோ சிரித்தார்கள். அத்தீலியோ காது மடல்வரை சிவந்து, சிப்பாய்த் தொப்பியைக் கழற்றி வீசிவிட்டு, மேடையிலிருந்து குதித்து எங்கள் நடுவிலேயே நடந்து போய்க் காரில் ஏறினார். சினிமாக்காரர் அவர் பின்னாலேயே ஓடினார்.

மறுநாள் நான்கு மணிக்கு அரங்கைக் கூட்டப் போன வேலைக்காரி, வெறும் மேடையிலிருந்து, கதவைத் திற, நான்தான் வந்திருக்கேன், என்ற குரலைக் கேட்டாள். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள். நாற்பதாவது நிமிடத்தில், மனைவி கேள்வி கேட்க வேண்டிய இடம் வந்ததும், குரல் நின்றது. மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அதுவும் நின்றது.

முதல் வாரம் பாதிரியார் வந்து புனித நீர் தெளித்தார், குரல் அதற்காகத் தயங்கவில்லை. யாரோ அன்றைக்கு நாடகத்துக்கு ஆகாது என்று சொல்லும் ஊதாநிறச் சால்வையைப் போட்டு அரங்கத்துக்கு வந்ததால்தான் இந்த வினை என்று இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டன. மூன்றாவது வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. ரொட்டிக்கடை சைரா, குரல் கதவைத் தட்டியதும் மாவை அடுப்பில் வைத்துக் குரல் நின்றதும் எடுக்க ஆரம்பித்தாள், அவள் ரொட்டி முன்பு எப்போதும் அவ்வளவு பதமாக வந்ததில்லை. பாதிரியார் ஜெபமாலையை ஐந்து மணிக்கு மாற்றினார். குரல் சிப்பாயின் வசனத்தை மட்டும்தான் பேசியது, மனைவியின் வசனங்கள் வரும் இடங்களெல்லாம் காலியாக இருந்தன, காலி இடத்தைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பெண்களால் சும்மா இருக்க முடியாது, அதனால் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை போட்டுக்கொண்டு கீரை ஆய்ந்தபடியும் காலுறை பின்னியபடியும் முன்வரிசையிலிருந்து, நாடகத்தில் கேட்டு நினைவில் நின்ற மனைவியின் வசனத்தைப் பேசினார்கள். புருஷன் செத்தவர்கள், புருஷன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவர்கள், புருஷன் பக்கத்திலேயே இருந்தும் பேசாதவர்கள், எல்லோரும் தங்கள் முறை வரும்போது, இத்தனை வருஷமா என்ன பண்ணிக்கிட்டிருந்தே என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். பதில் வந்ததே இல்லை. எர்சிலியா மட்டும் முறைப் பட்டியலில் பெயர் கொடுக்கவில்லை, அரங்கின் வாசற்படியை அவள் மிதிக்கவும் இல்லை.

குரல் வசனத்துக்காகத்தான் காத்திருக்கிறது என்பது எங்களுக்கு விளங்கியது. ஆனால் அந்த வசனம் யாரிடமும் இல்லை. நாடகத்தின் ஒரே பிரதி எர்சிலியாவிடம் இருந்தது, அதை அவள் அந்த ஞாயிற்றுக்கிழமையே அடுப்பில் போட்டுவிட்டாள். கலிஸ்தோவைக் கேட்டால், எழுதியது நான்தான், ஆனால் என்ன எழுதினேன் என்று கேட்டால் எப்படி என்றார், பிறகு செத்தும் போனார். மேயர் குழிக்குள் இறங்கித் தன் தேர்தல் பேச்சிலிருந்து நல்ல வரி ஒன்றைக் கிசுகிசுத்துப் பார்த்தார். பாதிரியார் வேதத்திலிருந்து கொடுத்தார். பள்ளி ஆசிரியர் சொந்தமாக ஒரு கவிதையே எழுதிக்கொண்டு போனார். குரல் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல நடிகன், கண்டதையும் பேசமாட்டான் என்று எங்களுக்கு அதில் பெருமைதான். அதற்குள் நகராட்சி அலுவலகத்தில் ஊரைவிட்டுப் போனவர்களின் கணக்கெடுப்பு வந்தது, முகவரி தெரியாத அத்தீலியோவைப் பதிவேட்டில் கண்டுபிடிக்க முடியாதவர் என்று நீக்கினார்கள், அவர் குரலைத் தனி ஆளாக, தொழில் நடிகர், முகவரி நாடக அரங்கு என்று சேர்த்துக்கொண்டார்கள். இதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை.

இனி அத்தீலியோவின் கதைக்கு வருவோம், அதைச் சொல்ல எனக்கே எரிச்சலாக இருக்கிறது. குரல் போய்விட்டது என்று அவருக்கு இரண்டு வருடம் வரை தெரியாது. தொண்டையில் ஒரு கிசுகிசுப்பு மட்டும் மிஞ்சியிருந்தது, எர்சிலியா குழிக்குள்ளிருந்து பேசுவாளே, அதைப்போல. ரோம் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார். படப்பிடிப்பில் யாரும் குரலைக் கேட்கவே இல்லை. அந்தக் காலத்தில் அங்கே வழக்கம் அதுதான், நடிப்பது ஒருவர், பிறகு இருட்டறையில் உட்கார்ந்து பேசிச் சேர்ப்பது வேறொருவர். வசனம் எழுதி முடியாத நாட்களில், வாய் அசைந்தால் போதும், எண்களைச் சொல் என்பார் இயக்குநர். அத்தீலியோ எண்களைச் சொன்னார். ரோமானியப் படைத்தலைவனாக ஈட்டி பாய்ந்து சாகும்போது ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லிச் செத்தார். கடற்கொள்ளையனாக இருபதுவரை சொல்லி இளவரசியைக் காதலித்தார். மனைவியிடம் ஏமாந்த பல்மருத்துவராக நாற்பதுவரை சொல்லி அழுதார். அறுபத்துநாலு படம். எல்லாவற்றிலும் அவர் முகத்துக்குக் குவால்தியேரோ என்ற ஒரு குண்டு மனிதர் குரல் கொடுத்தார், நல்ல குரல்தான், யார் இல்லை என்றது, ஆனால் அது அத்தீலியோவின் குரல் இல்லை. முதல் படம் எங்கள் ஊருக்கு வந்தபோது நாங்கள் திரையைப் பார்த்துக் கூச்சல் போட்டோம், யாருடைய குரலையோ வைத்து ஏமாற்றுகிறார்கள், அசல் குரல் எங்கள் ஊரில் இருக்கிறது என்று படம் ஓட்டுகிறவரை அடிக்கப் போனோம். அதற்குப் பிறகு அவர் படங்கள் எங்கள் ஊருக்கு வரவில்லை.

இரண்டு வருடம் ஆனபோது மேயர் சினிமாக் கம்பெனி வழியாக அவருக்குக் கடிதம் போட்டார், உங்கள் குரல் நலம், கவலை வேண்டாம் என்று. கடிதத்தைப் படித்தபின் அத்தீலியோ சாப்பாட்டைத் தள்ளிவிட்டு ஒரு நாள் முழுக்கப் படுத்துக்கிடந்தாராம். ஆனாலும் வரவில்லை. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் வாயடைத்து நின்ற இடத்துக்குத் திரும்பி வர அவருக்கு மனசு இல்லை. அதற்குப் பதிலாக மிலானில் ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்து பார்த்தார். முதல் நாள் கிசுகிசுப்பைக் கேட்ட விமர்சகர் ஒருவர், இப்படி ஒரு அடக்கமான நடிப்பை நான் பார்த்ததே இல்லை என்று எழுதினார். இரண்டாம் நாள் ஐந்தாவது வரிசையிலிருந்து பின்னால் இருந்த எல்லோரும் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவரை அனுப்பிவிட்டார்கள். ஒரு தடவை ரயிலில் ஒரு பெண் அவரை அடையாளம் கண்டு, அந்தக் கொள்ளையன் வசனத்தை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். அவர் சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, உங்களை வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன் என்று எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டாள்.

ஐம்பத்தெட்டு வயதில், முடி கொட்டி, கொள்ளையர்களுக்குப் பதிலாகக் கொள்ளையர்களின் மாமனாராக நடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு புதிய இயக்குநர் அவரைத் தேடி வந்தார். கதாநாயகன் வேடம், வயதான தச்சர். ஆனால் இந்தப் படத்தில் பின்னால் பேசிச் சேர்ப்பது கிடையாது, நடிகர் நிற்கிற இடத்திலேயே மைக் வைப்போம், எனக்கு உங்கள் சொந்தக் குரல் வேண்டும் என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். பத்து நாளில் குரலோடு வருகிறேன் என்று அத்தீலியோ காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு எங்கள் ஊர்ப் பஸ்ஸில் ஏறினார்.

முதலில் நகராட்சி அலுவலகம் போனார். பதிவேட்டைப் புரட்டிய எழுத்தர், நீங்கள் கண்டுபிடிக்க முடியாதவர், உங்களிடம் நான் பேசுவதே முறையில்லை என்றார். நான்தான் வந்திருக்கேனே என்று அத்தீலியோ கிசுகிசுத்தார். சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் எழுத்தர். குரலை வேறு ஊருக்கு மாற்ற வேண்டுமானால் குரலே நேரில் வந்து மனுக் கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு படிவம் இருக்கிறது, அந்தப் படிவம் இப்போது இருப்பில் இல்லை. அத்தீலியோ மேசையைக் குத்தினார். அந்தச் சத்தமாவது கேட்டது.

ஊர் கூடியது. நாங்கள் கெட்டவர்கள் இல்லை, ஆனால் அவர் குரலை எடுத்துப் போவதை எங்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சைராதான் எழுந்து எல்லோருக்குமாகப் பேசினாள்.

"நீ போனே, அது போகலை. எங்க கல்யாணம், சாவு, பேறுகாலம் எல்லாத்துக்கும் அது இருந்துச்சு. இப்ப வந்து என்னுதுன்னா எப்படி?"

அத்தீலியோ ஏதோ பதில் சொன்னார். முதல் வரிசைக்கு மட்டும் கேட்டது. அவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள், எனக்கு ஒரு படம், ஒரே ஒரு படம் போதும் என்கிறார், என்று. அதைக் கேட்டு எங்களுக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, இருந்தாலும் கை தூக்கச் சொன்னபோது யாரும் அவருக்காகத் தூக்கவில்லை.

நாலு நாள் நான்கு மணிக்கு அவர் தன்னந்தனியாக மேடையில் போய் நின்றார். குரல் அவரைச் சுற்றி, அவருக்குள் நுழையாமல், அவர் அங்கே இல்லாததுபோலப் பேசி முடித்தது. வாயைத் திறந்து திறந்து பார்த்தார். அவருக்கும் அந்த வசனம் நினைவில்லை, எண்கள்தான் நினைவில் இருந்தன. ஐந்தாம் நாள் அவர் தபாலாபீஸுக்குப் போனார்.

எர்சிலியா முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. வசனத்தைச் சொல்லு, அது கிடைச்சா நாடகம் முடியும், முடிஞ்சா குரல் என்கிட்ட வந்துடும் என்று அவர் கேட்டார். அவள் குத்துவதை நிறுத்தாமல், வசனம் கொடுக்கிறவங்க படிச்சுத்தான் கொடுப்பாங்க, மனப்பாடம் பண்ண மாட்டாங்க, முப்பத்தொரு வருஷமா நானும் யோசிச்சுப் பார்த்துட்டேன், வரலை என்றாள்.

"அன்னைக்கு உன் கையில இருந்துச்சே. ஏன் சொல்லலை?" என்றார் அத்தீலியோ.

"முதல் தடவையா என்னைப் பார்த்தே. சொல்லிட்டா திரும்பிடுவே."

அத்தீலியோவால் கத்த முடிந்திருந்தால் அன்றைக்கு மலையே அதிர்ந்திருக்கும். கத்த முடியவில்லை. ஒரு பார்வைக்காக என் வாழ்க்கையையே வாங்கிட்டியே என்று கிசுகிசுத்தார், அது கடிதங்கள் சரசரக்கும் சத்தத்தைவிடச் சின்னதாக இருந்தது. எர்சிலியாவுக்கு மட்டும் அது நன்றாகக் கேட்டது, கிசுகிசுப்பைக் கேட்கத் தெரிந்தவள் எங்கள் ஊரில் அவள் ஒருத்திதான். அவள் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, இன்னைக்கு நீ குழிக்குள்ள உட்காரு, நான் கேக்கறேன் என்றாள்.

அன்றைக்கு அரங்கில் தொண்ணூற்றெட்டு இருக்கைகளும் நிறைந்து நூற்று நாற்பது பேர் இருந்தோம். சைரா அடுப்பை விட்டுவிட்டு வந்திருந்தாள். அத்தீலியோ குனிந்து மரக் கூண்டுக்குள் இறங்கினார், அவருடைய வழுக்கை மட்டும் கொஞ்சம் தெரிந்தது. எர்சிலியா முன்வரிசையில் மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்தாள். நான்கு மணிக்குக் குரல் கதவைத் தட்டியது. இருபத்தேழு வயசுக் குரல், இளமை ஒரு சொட்டு குறையவில்லை. ஒவ்வொரு காலியிடத்திலும் எர்சிலியா, இதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்ட மனைவியின் வசனத்தைப் பேசினாள், நடிக்கவில்லை, தபால் கொடுக்கிற மாதிரிதான் பேசினாள். நாற்பதாவது நிமிடம் வந்தது.

"இத்தனை வருஷமா என்ன பண்ணிக்கிட்டிருந்தே?" என்று அவள் கேட்டாள்.

குரல் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. கூண்டுக்குள் அத்தீலியோ எதையாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தார், தன் படத்தை நினைத்தார், பத்து நாளை நினைத்தார், எரிச்சலும் அழுகையும் ஒன்றாக முட்டின, எதுவும் வராதபோது முப்பத்தொரு வருடமாக வாய்க்கு எது பழக்கமோ அது வந்தது. ஒன்று, என்றார்.

ஒன்று, என்றது குரல்.

மேயரிடம் வாங்காததை, பாதிரியாரிடமும் கவிதையிடமும் வாங்காததை, அது அவரிடம் வாங்கிக்கொண்டது. அவர் இரண்டு என்றார், அது இரண்டு என்றது, அவர் கிசுகிசுக்கக் கிசுகிசுக்க அது அந்த வறட்டு எண்களை எடுத்து, ஒவ்வொன்றும் ஒரு முழு வருடம்போல, ஒவ்வொரு வருடத்திலும் ஒரு பனிக்காலமும் ஒரு தனிச் சாப்பாடும் பதில் போடாத ஒரு கடிதமும் இருப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனது, பதினொன்றில் சைரா அழுதாள், பதினெட்டில் மேயர் தொப்பியைக் கழற்றினார், புருஷன் செத்தவர்களும் புருஷன் பேசாதவர்களும் தாங்கள் இத்தனை காலம் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். முப்பத்தொன்றில் அவர் நிறுத்தினார். கணக்கு வைத்து நிறுத்தவில்லை, மூச்சு முட்டியது, அவ்வளவுதான், என்று பிற்பாடு கேட்டவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தார். நாங்கள் நம்பவில்லை.

"காலைத் துடைச்சுட்டு உள்ளே வா," என்றாள் எர்சிலியா. அது நாடகத்தில் இருந்த வசனமா அவளுடையதா என்று யாருக்கும் தெரியாது.

கதவைச் சாத்து, குளிர் வருது, என்றது குரல். நாடகம் முடிந்தது.

நாங்கள் கை தட்டினோம், சுண்ணாம்பு உதிரும்வரை தட்டினோம். அத்தீலியோ கூண்டைத் தள்ளிவிட்டு எழுந்து, குழாயடியில் குடத்தோடு நிற்கிறவரைப்போல, வாயை அண்ணாந்து திறந்துகொண்டு குரல் வருமா என்று நின்றார். கை தட்டல் ஓய்ந்து, விளக்குகள் அணைந்து, ஆட்கள் கிளம்பும்வரை நின்றார். ஒன்றும் வரவில்லை. அது தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது, எங்கே என்று கேட்டால் எங்களுக்கு என்ன தெரியும். ஒரு மனிதனுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பெரிய கைதட்டல் எண்களைச் சொன்னதற்காக, அதுவும் அவர் வாயால் சொல்லாததற்காக என்றால், அவர் எங்களைத் திட்டியதில் என்ன தப்பு. திட்டியதும் எங்களுக்குக் கேட்கவில்லை.

பத்தாம் நாள் கழிந்தது. அந்தப் படத்தில் தச்சராக வேறு ஒருவர் நடித்தார். இத்தாலியே அத்தீலியோவின் குரல் என்று நம்பிக்கொண்டிருந்த குரல் வேண்டும் என்று தயாரிப்பாளர் சொன்னாராம், குவால்தியேரோவையே அந்த வேடத்தில் போட்டுவிட்டார்கள். படம் பரிசெல்லாம் வாங்கியது.

இங்கே நான்கு மணிக்கு அரங்கு ஊமையானது. சைராவின் ரொட்டி ஒரு நாள் கருகியது, மறுநாள் வேகவில்லை. ஜெபமாலை எப்போது தொடங்குவது என்று பாதிரியார் திணறினார். பத்து நாள் பொறுத்தோம், பிறகு எல்லோரும் எர்சிலியா வீட்டுக்குப் போனோம், அத்தீலியோ அங்கேதான் இருந்தார், ரோமுக்குப் போக அவருக்கு ஒரு காரணமும் மிஞ்சவில்லை. எங்கள் நான்கு மணியை அழித்தது நீங்கள்தான், நீங்களே வந்து ஈடுகட்டுங்கள் என்றோம். அவர் கதவை எங்கள் முகத்தில் சாத்தினார். மறுநாளும் போனோம். அதற்கு மறுநாள் எர்சிலியா அவருடைய கோட்டை எடுத்து நீட்டினாள்.

அன்றிலிருந்து தினமும் நான்கு மணிக்கு அத்தீலியோ பெர்னாச்சி, கண்டுபிடிக்க முடியாதவர், வெறும் மேடையில் வந்து நிற்கிறார். முன்வரிசையிலிருந்து எர்சிலியா கேள்வியைக் கேட்கிறாள். அவர் அவளைப் பார்த்து, ஒன்று, இரண்டு என்று கிசுகிசுக்கத் தொடங்குகிறார், நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்கிறோம், ஏழிலோ எட்டிலோ மூன்றாவது அடுக்கிலிருந்து யாராவது, கேட்கலை, சத்தமா, என்று கத்திவிடுகிறார்கள். அவர் நிறுத்துகிறார், எங்களை எரித்துவிடுவதுபோல ஒரு தடவை பார்க்கிறார், பிறகு எர்சிலியா பக்கம் திரும்பி மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறார்.